1970களின் ராண்டல் கத்தி: குடும்பப் பங்கீட்டுக்கு எந்த விலையை வைப்பது?

கேள்வி: பாயான் பாரு வாசகி

வணக்கம். எங்கள் அப்பா சென்ற ஆண்டு காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். உயில் எதுவும் எழுதப்படாததால், அப்பாவின் உடைமைகளைப் பிள்ளைகள் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். வீடும் சேமிப்பும் சிக்கலின்றி முடிந்துவிட்டன. ஒரு கத்தியின் விலையில் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

அப்பா 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தார். அங்கிருந்த அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் நாடு திரும்பும்போது இந்தக் கத்தியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் முன்பு வியட்நாமில் படைவீரராக இருந்தவர் என்றும், இது அப்போது அவரோடு இருந்தது என்றும் அப்பா சொல்வதுண்டு. அலகில் "ராண்டல் மேட், ஆர்லாண்டோ, ஃபுளோரிடா" என்ற முத்திரை இருக்கிறது. அலகின் நீளம் ஏறக்குறைய 7 அங்குலம். அலகுக்கும் பிடிக்கும் நடுவே இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் காப்பு, தோல் வில்லைகளை அடுக்கிச் செய்த பிடி, அடியில் அலுமினியம் போன்ற வெள்ளை உலோகக் குமிழ், பழுப்புத் தோலுறை, உறையின் முகப்புப் பையில் ஒரு சிறிய சாணைக்கல் ஆகியவை அப்படியே இருக்கின்றன. காப்பின் ஓரத்தில் பச்சைக் களிம்பும், அலகில் சில கரும்புள்ளிகளும் உண்டு.

தம்பி இதை வைத்துக்கொள்ள விரும்புகிறான். அதற்கு ஈடாக எனக்கும் கோலாலம்பூரில் இருக்கும் தங்கைக்கும் பணம் கொடுக்கத் தயார் என்கிறான். ஜார்ஜ் டவுனில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் 300 ரிங்கிட் தருவதாகச் சொன்னார். தங்கையோ, இதைப் போன்ற ஒன்றை இணையத்தில் 6,000 ரிங்கிட்டுக்கு மேல் விலை போட்டு வைத்திருப்பதைக் காட்டுகிறாள். இரண்டுமே சரியாக இருக்க முடியாது. மூவருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் ஒரு தொகையை எப்படிக் கணிப்பது? விலை கேட்பதற்கு முன் கத்தியைத் துலக்கி வைக்க வேண்டுமா?

பதில்: பிரிக்பீல்ட்ஸ் சேகரிப்பாளர்

வணக்கம் அக்கா. முதலில், உங்கள் கையில் இருப்பது இன்னது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிதாகிவிடும். ராண்டல் என்பது போ ராண்டல் என்பவர் 1930களின் கடைசியில் ஃபுளோரிடாவில் தொடங்கிய கைப்பட்டறை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வீரர்கள் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக் கொண்டுபோனதால் அதன் பெயர் பரவியது. வியட்நாம் போரிலும் அப்படியே. மெர்குரி விண்வெளித் திட்டத்து வீரர்களுக்கென்றே ஒரு கத்தியை அவர்கள் செய்தார்கள். போ ராண்டல் 1989ஆம் ஆண்டு மறைந்தார்; பட்டறையை அவருடைய குடும்பம் தொடர்ந்து நடத்துகிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், உங்களுடையது அவர்களுடைய பட்டியலில் முதல் எண்ணாக இருக்கும் போர்க்கத்தி வகை. அது அவர்கள் மிக நீண்ட காலமாக, மிக அதிகமாகச் செய்துவரும் வகை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பெயர் பெரியது என்பதற்காக ஒவ்வொரு கத்தியும் அரியது ஆகிவிடாது.

விலையைப் பொறுத்தவரை, உங்கள் தங்கை பார்த்தது ஒருவர் கேட்கும் விலை. கேட்கும் விலைக்கு எல்லையே கிடையாது. யாரும் வாங்காமல் இரண்டு ஆண்டுகளாக அங்கேயே கிடக்கும் கத்திக்கும் ஒரு விலை போட்டுத்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது விற்று முடிந்த விலைகளை. ஈபேயில் தேடும்போது விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டலாம். அண்மைக்கால விற்பனைகள் வரும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேரம் பேசி முடிந்த விற்பனைகளில் அடித்துக் காட்டப்படும் தொகை விற்பவர் முதலில் போட்ட விலைதான். உண்மையில் கைமாறிய தொகை அதைவிடக் குறைவு. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், ஏலத்தில் பலர் போட்டியிட்டு முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ராண்டல் கத்திகளை மட்டுமே வாங்கி விற்கும் அமெரிக்க வணிகர்கள் சிலர், விற்றுப்போனவற்றின் படத்தையும் விலையையும் தங்கள் தளத்தில் விட்டுவைப்பதுண்டு. அவை தேர்ந்த படங்களோடு வருவதால் ஒப்பிடுவதற்கு மிக உதவும். ஆனால் வணிகரின் விலையில் அவருடைய இலாபமும் அடங்கியிருப்பதால், வீட்டிலிருந்து விற்பவருக்கு அந்தத் தொகை வராது.

ஒப்பிடும்போது வகை ஒன்று, நீளம் ஒன்று, காலம் ஒன்று, நிலை ஒன்று என்று இருக்க வேண்டும். ராண்டலில் காலத்தைக் கணிக்க அலகைவிட உறை அதிகம் பேசும். 1960களின் தொடக்கம் வரை பெரும்பாலும் ஹெய்ஸர் என்ற நிறுவனம் உறை செய்து தந்தது. பிறகு ஜான்சன் என்பவருடைய உறைகள் வந்தன. அவருக்குப் பின் சல்லிவன். உறையின் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தோலில் அழுத்திய முத்திரையும், வகை எண்ணையும் அங்குல நீளத்தையும் குறிக்கும் எண்களும் தெரியலாம். அந்த எண் கத்தியோடு பொருந்தினால் உறையும் கத்தியும் ஒன்றாகப் பிறந்தவை என்று நம்ப இடமுண்டு. பிற்காலத்து உறையில் முற்காலத்துக் கத்தி இருந்தால் சேகரிப்பாளர்கள் உடனே விலையைக் குறைப்பார்கள். அந்தச் சாணைக்கல்லைத் தொலைத்துவிடாதீர்கள். சிறிய பொருள்தான், ஆனால் அது இல்லாத உறையின் பை வெறுமையாகத் தெரியும்.

அலகின் முத்திரைக்கு அருகில் தனியாக "எஸ்" என்ற எழுத்து உண்டா என்றும் பாருங்கள். இருந்தால் அது துருவேறா எஃகு. இல்லையென்றால் ஓ-1 என்னும் கருவி எஃகு. 1960களில் ஜெர்மனியின் ஸோலிங்கனில் அடித்து வந்த அலகுகளும் சில உண்டு; அந்த ஊர்ப்பெயர் முத்திரையில் இருந்தால் உங்கள் ஒப்பீடே வேறு திசையில் போக வேண்டும்.

வியட்நாம் கதையைப் பற்றிச் சொல்வதில் எனக்குத் தயக்கம்தான், ஏனென்றால் அது உங்கள் அப்பா சொன்ன கதை. ஆனால் விலை என்று வரும்போது, கடிதமோ, வாங்கிய சீட்டோ, கத்தியோடு அந்த மனிதர் நிற்கும் படமோ இல்லாவிட்டால், வாங்குபவர் அந்தக் கதைக்கு ஒரு காசும் கூடுதலாகத் தர மாட்டார். வியட்நாமுக்குப் போய்வந்ததாகச் சொல்லப்படும் ராண்டல் கத்திகள் சந்தையில் ஏராளம்.

பதில்: பட்டர்வொர்த் பட்டறைக்காரன்

துலக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று மாலையே யாராவது ஒரு நல்லெண்ணம் கொண்ட உறவினர் உலோகம் துலக்கும் பசையோடு உட்கார்ந்துவிடுவார்.

நான் உலோக வேலை செய்பவன், சேகரிப்பாளன் அல்லன். ஆனால் சேகரிப்பாளர்களின் கத்திகள் என்னிடம் வந்திருக்கின்றன, பெரும்பாலும் காலம் கடந்த பிறகு. பழைய கத்தியில் மதிப்பு தங்கியிருக்கும் இடங்கள் மூன்று: முத்திரையின் கூர்மை, அலகின் முதல் மெருகு, கூர்விளிம்பின் முதல் கோடு. தேய்ப்பு இயந்திரத்தில் ஒருமுறை வைத்தால் மூன்றும் ஒன்றாகப் போகும். முத்திரை எழுத்துகளின் ஓரம் மழுங்கி, அலகு முழுக்க ஒரே பளபளப்பாகி, முதுகுக்கும் சரிவுக்கும் இடையில் இருந்த தெளிவான வரம்பு உருண்டுவிடும். பார்ப்பதற்குப் புதிதுபோல இருக்கும். தெரிந்தவர் கையில் எடுத்த அடுத்த நொடியே கீழே வைத்துவிடுவார்.

கரும்புள்ளிகள் இருவகைப்படும். நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிச் சென்றால் அது வெறும் கறை. ஓ-1 போன்ற எஃகில் காலப்போக்கில் வருவது. அதற்காக யாரும் பெரிதாக விலை குறைக்க மாட்டார்கள். நகம் தட்டினால் துரு உள்ளே அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது; அதை எடுக்க வேண்டுமானால் சுற்றியிருக்கும் எஃகையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும், எனவே அதை அப்படியே விட்டுவிட்டு விற்கும்போது வெளிப்படையாகச் சொல்வதுதான் முறை. பினாங்குக் காற்றின் ஈரத்தில் இத்தனை ஆண்டு இருந்தும் சில புள்ளிகள் மட்டுமே என்றால் உங்கள் அப்பா அதை எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்திருக்கிறார்.

பச்சைக் களிம்புக்குக் காரணம் உறைதான். தோலைப் பதப்படுத்தும்போது சேரும் அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கின்றன. மூங்கில் குச்சியின் முனையாலும் மென்மையான துணியாலும் களிம்பை மட்டும் எடுத்துவிடலாம். பித்தளையின் பழுப்பு நிறத்தைத் தொட வேண்டாம். பிறகு அலகில் வெறும் கனிம எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, கத்தியை உறையில் போடாமல் தனியாக, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வையுங்கள். உறை பக்கத்திலேயே இருக்கட்டும். பிடியின் தோல் வில்லைகளுக்கு எண்ணெய் வேண்டாம், ஊறினால் மெத்தென்று ஆகிவிடும்.

இன்னொன்று: அலகைத் துல்லியமாக அளந்து பாருங்கள். முன்பு யாராவது அடிக்கடி சாணை பிடித்திருந்தால் முனைப்பக்கம் ஒல்லியாகி, நீளமும் குறைந்திருக்கும். படங்களைவிட இந்த அளவு நேர்மையாகப் பேசும்.

பதில்: ஆயர் ஈத்தாம்

ராண்டல் கத்திகளை "தனிக் கைவினை" என்று கொள்ளலாமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு தனி மனிதர் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யும் கத்திக்கும், பல கைவினைஞர்கள் சேர்ந்து பட்டியல் வகைகளைச் செய்யும் பட்டறையின் கத்திக்கும் சந்தை வேறு. எடுத்துக்காட்டாக, 2010ஆம் ஆண்டு மறைந்த அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பாப் லவ்லெஸ் செய்த கத்திகளின் விலை அவரோடு பட்டறையில் வேலை செய்தவர் யார், முத்திரையில் எந்த ஊர்ப்பெயர் என்பதையெல்லாம் பொறுத்து ஏறி இறங்கும். அந்த விலைகளைப் பார்த்துவிட்டு இதற்கும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். ராண்டலில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு: அதே வகைக் கத்தி இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. நேரடியாகக் கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றாலும், வணிகர்களிடம் உடனே கிடைக்கும். பயன்படுத்திய, புள்ளி விழுந்த, குறிப்பிட்ட சிறப்பு எதுவும் இல்லாத 1970களின் கத்தி, புதியதைவிடக் குறைவாகப் போவதும் உண்டு. பழமை மட்டுமே விலையை ஏற்றாது.

பாயான் பாரு வாசகி

அனைவருக்கும் நன்றி. நல்ல வேளை, யாரும் இன்னும் துலக்கவில்லை. உறையின் பின்புறத்தில் ஜான்சன் என்ற பெயர் மங்கலாகவும், "1-7" என்ற எண்கள் தெளிவாகவும் தெரிகின்றன. அலகில் "எஸ்" எழுத்தோ ஸோலிங்கன் என்ற சொல்லோ இல்லை. நீளம் சரியாக 7 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. நகம் காப்புக்கு அருகில் இரண்டு இடங்களில் மட்டும் தட்டுகிறது. நான் முன்பு சொல்லாத ஒன்று: அலகின் மறுபக்கத்தில் அந்தப் பொறியாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இது விலையைக் கூட்டுமா, குறைக்குமா?

பதில்: பிரிக்பீல்ட்ஸ் சேகரிப்பாளர்

வகை எண்ணும் நீளமும் உறையில் பொருந்துவது நல்ல செய்தி. ஒரு நூல் குறைவு என்பது பெரிய தேய்மானம் அன்று. பள்ளங்கள் இருப்பதால் இதைப் பயன்படுத்தப்படாத கத்திகளோடு ஒப்பிட வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பயன்படுத்திய கத்திகளோடு ஒப்பிடுங்கள்.

பெயர் பொறிப்பு இருபக்கமும் வெட்டும். பட்டறையிலேயே வாங்கும்போது பெயர் பொறித்துத் தரும் வழக்கம் உண்டு. பின்னாளில் எங்கோ கடையில் கீறிய பெயரும் உண்டு. எழுத்தின் சீரையும் ஆழத்தையும் விற்பனைக்கு வந்த மற்ற கத்திகளின் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறியாத ஒருவரின் பெயர் இருப்பதை விரும்பாத சேகரிப்பாளர்கள் பலர். ஆனால் இந்தக் கத்தியில் மட்டும் அந்தப் பெயர், உங்கள் அப்பா சொன்னதைச் சரிபார்க்க ஒரு வழியைத் தருகிறது. தொழிற்சாலைக் காலத்துப் படம் ஒன்றில் அதே பெயர் கொண்டவர் அப்பாவோடு இருந்தால், பிரிவுபசார அட்டையில் அவருடைய கையெழுத்து இருந்தால், அவற்றைக் கத்தியோடு சேர்த்தே வையுங்கள். அப்போது அது கதையாக இல்லாமல் சான்றாகிவிடும். பழைய ஆல்பங்களைப் பார்ப்பதற்கு முன் விலையை முடித்துவிடாதீர்கள். பெயரை மட்டும் பொதுவில் எங்கும் வெளியிட வேண்டாம்.

முத்திரை உண்மையானதா என்பதை ஒரே படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. முத்திரை, காப்பு அலகோடு சேரும் இடம், பிடி வில்லைகளுக்கு நடுவே உள்ள வண்ணப் பட்டைகள், குமிழ், உறையின் இருபுறம் என்று தனித்தனியாக, பகல் வெளிச்சத்தில், மின்னல் விளக்கு இல்லாமல் படம் எடுத்து, ராண்டல் வணிகர் இருவரிடமாவது கருத்துக் கேளுங்கள். வாங்கவும் விரும்புகிறேன் என்று உடனே சொல்பவரின் மதிப்பீட்டை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

பதில்: செந்தூல் கணக்கர்

அக்கா, மற்றவர்கள் கத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் தொகையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே பொருளுக்குப் பல விலைகள் உண்டு, எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து. காப்பீட்டுக்கு என்றால் இதே போன்ற ஒன்றை மறுபடி வாங்க ஆகும் செலவைப் போடுவார்கள், அது மேல்மட்டம். நாளைக்கே பணம் வேண்டும் என்றால் பழம்பொருள் கடைக்காரர் சொன்ன 300 ரிங்கிட். அது தரைமட்டம், அவர் மறுவிற்பனைக்கு வாங்குபவர் என்பதால் அதில் தவறும் இல்லை. பங்கீட்டுக்கு இவை இரண்டும் பொருந்தாது. அவசரமில்லாத விற்பவரும் விவரம் தெரிந்த வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் விலைதான் வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு எல்லைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, இதே நிலையில் உள்ள கத்திகள் அமெரிக்காவில் 500 டாலருக்கு விற்று முடிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்; இது உண்மை விலை அன்று, கணக்குக்காகச் சொல்வது. நீங்கள் இங்கிருந்து அங்கே விற்றால் தளக் கட்டணம், பணம் மாற்றும் கட்டணம், காப்பீட்டோடு அஞ்சல் எல்லாம் போய் ஏறக்குறைய 380 டாலர்தான் கைக்கு வரும். இது கீழ் எல்லை. மாறாக, மலேசியாவில் இருக்கும் ஒருவர் அதே கத்தியை அங்கிருந்து வாங்கினால் 500 டாலரோடு அஞ்சல், வரி என்று சேர்த்து 580 டாலர் வரை அவருக்கு ஆகும். இது மேல் எல்லை. உங்கள் தம்பி மலேசியாவில் இருக்கும் வாங்குபவர். நீங்கள் மலேசியாவில் இருக்கும் விற்பவர்கள். இடையில் அஞ்சலும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆகவே இரண்டு எல்லைக்கும் நடுவில் ஒரு தொகையை வைத்தால், வெளியாருக்கு விற்பதைவிட உங்கள் இருவருக்கும் அதிகம் கிடைக்கும். வெளியாரிடம் வாங்குவதைவிடத் தம்பிக்கும் குறையும். நம் ஊரில் இந்த வகைக் கத்தியைத் தேடுபவர்கள் மிகச் சிலர் என்பதால் மேல் எல்லையை நோக்கி இழுப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். தங்கை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எண்களை எழுதிக் காட்டினால் பேச்சு சுருங்கும்.

விற்பனைகளைக் குறித்துக்கொள்ளும்போது மூவரும் தனித்தனியாகத் தேடி, பிறகு சேர்த்துப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிடுங்கள். தேதியையும் அன்றைய டாலர் மாற்று விகிதத்தையும் எழுதி வையுங்கள். தம்பி கொடுக்க வேண்டியது முழுத் தொகை அன்று என்பதையும் மறந்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு அவருடையதே. 1,800 ரிங்கிட் என்று முடிவானால் உங்களுக்கு 600, தங்கைக்கு 600.

ஒரு சட்டக் குறிப்பு. 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்குதல் ஆயுதங்கள் பற்றிய சட்டத்தின்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். இரட்டைக் காப்புள்ள போர்க்கத்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் பேருந்தில் தங்கையிடம் காட்டப் போவது நல்லதன்று. படங்களே போதும். கூரியரில் அனுப்பவோ வெளிநாட்டுக்கு விற்கவோ முடிவு செய்தால், அதற்கு முன் காவல் நிலையத்திலும் அனுப்பும் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். பிடி தோலாக இருப்பது உங்களுக்கு வசதி; தந்தமாக இருந்திருந்தால் நாடு கடந்து விற்பதே பெரும் சிக்கலாகியிருக்கும்.

கடைசியாக, மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள்: கத்தியின் விவரம், படங்கள், ஒப்பிட்ட விற்பனைகள், முடிவான தொகை. அதோடு இன்னொரு விதியையும் சேர்க்கலாம். அந்தப் பொறியாளரைப் பற்றிய சான்று ஏதேனும் பின்னால் கிடைத்து, தம்பி ஐந்து ஆண்டுக்குள் கத்தியை விற்றால், இப்போது வைத்த தொகைக்கு மேல் வருவதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்; ஐந்து ஆண்டு கடந்த பின் அது முழுக்க அவருடையது.

பாயான் பாரு வாசகி

அந்த ஐந்து ஆண்டு விதியைத் தம்பியிடம் சொன்னேன். விற்கப்போவதே இல்லை, பிறகு எதற்கு என்கிறான். இருந்தாலும் எழுதச் சம்மதித்துவிட்டான். தங்கை சனிக்கிழமை வருகிறாள். அதற்குள் பகல் வெளிச்சத்தில் படங்களை எடுத்து இரண்டு வணிகர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். தொழிற்சாலை ஆல்பங்கள் பிறை ஊரில் சித்தப்பா வீட்டில் இருக்கின்றன, அவற்றையும் கேட்டிருக்கிறேன்.